கறிமிளகாய் நாற்றும் ஒரு சொல்லும்

மாடியில் இருக்கும் என் மகனுக்கு, கீழே அடுப்படியிலிருந்து அம்மா எழுதுகிறேன். ஒரே வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு எந்தத் தாயாவது கடிதம் எழுதுவாளா என்று நீ சிரிப்பாய். படியேறி வந்து உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் பார்த்தேன். இந்தக் கிழமை மட்டும் எத்தனை தரம் ஏறி இறங்கினேன் என்று என் முழங்காலைக் கேள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ அந்த மின்விசிறியைப் போட்டுவிடுகிறாய். "மிளகாக் கன்னுக்குக் காத்து வேணும்மா, அப்பத்தான் தண்டு தடிக்கும்" என்கிறாய். அதன் இரைச்சலில் என் பேச்சு எனக்கே கேட்பதில்லை. கடிதத்தின் வாயை எந்த விசிறியாலும் அடைக்க முடியாது. கடைசிவரை வாசித்துவிட்டு, பிறகு உனக்குச் சிரிப்பு வந்தால் சிரி.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரேணுகா இந்த வீட்டை விட்டுப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அவள் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் அம்மன் திருவிழா வருகிற கிழமை. அது முடிந்த கையோடு அவளுடைய அண்ணன் அவளைக் கொழும்புக்குக் கூட்டிப் போகிறான், ஒரு கார்மெண்ட் தொழிற்சாலையில் வேலை பார்த்து வைத்திருக்கிறானாம். போனால் அவள் திரும்ப இந்தப் படி ஏறமாட்டாள். எனக்கு அவளைத் தெரியும். கல்யாணம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் உன் வாழ்க்கை இப்படி நிற்கிறது. இதை நான் சோறு போடும்போது உன்னிடம் சொன்னேன். நீ "ம்" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் பருப்பு கேட்டாய்.

நீ மாடி அறையில் தொடங்கியது நல்ல வேலைதான், அதை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. சுப்பர் மார்க்கெட்டில் மேற்பார்வை வேலையை விட்டுவிட்டு வந்து, "அம்மா, வீட்டுக்குள்ள நாத்து போடப் போறேன்" என்று நீ சொன்னபோது நான் பயந்தது உண்மை. ஆனால் நீ சொன்ன காரணம் சரியாக இருந்தது. நம் கட்டுகஸ்தோட்டையில் மழை எப்போது வரும், எப்போது விடும் என்று யாருக்குத் தெரியும்? வெளியில் பாத்தி கட்டி விதைத்தால் ஒரு மழைக்குப் பாதி போகும், மீதியை நத்தை தின்னும். வீட்டுக்குள் என்றால் மழையும் இல்லை, நத்தையும் இல்லை, விதைத்ததெல்லாம் ஒரே அளவில் எழும்பும். பொலித்தீன் கூடாரம் போட்டுக் கறிமிளகாய் வளர்க்கிறவர்கள் அப்படிப்பட்ட கன்றைத்தான் தேடுகிறார்கள் என்றாய். உன் அப்பா கடையில் மூட்டை தூக்கிக் கட்டிய மாடி அது. அவர் இருந்திருந்தால் அதில் கன்று வளர்வதைப் பார்த்து ரசித்திருப்பார்.

நீ வேலை செய்வதை நான் கதவுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். தேங்காய்த் தும்புத்தூளை ஊறவைத்து, அலசி, கையில் பிழிந்து பார்ப்பாய். பிழிந்தால் ஒரு சொட்டுதான் வரவேண்டும், ஒழுகினால் அதிகம் என்பாய். குழித்தட்டில் ஒவ்வொரு குழிக்கும் ஒரு விதை, அதை ஈர்க்கு நுனியால் தள்ளி மேலே ஒரு சிட்டிகை தூள். மேலாகத் தண்ணீர் ஊற்றினால் தண்டின் அடி அழுகிக் கன்று சாய்ந்துவிடும் என்று தட்டைத் தண்ணீர் ஊற்றிய பேசினில் வைத்துக் கீழிருந்து ஈரத்தை உறிஞ்சவிடுவாய். விளக்கைக் கன்றின் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு, கன்று வளர வளர விளக்கையும் ஏற்றிக் கட்டுவாய். எனக்கு இதெல்லாம் பார்க்கப் பிடிக்கும். அவற்றுக்குத் தாலாட்டு ஒன்றுதான் நீ பாடவில்லை. குழந்தையில் உன்னை நான் இவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்க்கவில்லையே என்றுகூட நினைத்திருக்கிறேன்.

ஆனால் நான் கதவுக்கு வெளியே நின்றேன் என்று எழுதினேன் பார், அதைக் கொஞ்சம் யோசி. ரேணுகாவும் வெளியேதான் நின்றாள். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள் ஆசையாக உள்ளே வந்து ஒரு தட்டைத் தொட்டுப் பார்த்தாள். நீ பதறிப்போய், "கையில எண்ணெய் இருக்கும், வெளி மண்ணு இருக்கும், நோய் வந்திரும், இங்கிட்டு வராத" என்றாய். அதட்டவில்லை, தன்மையாகத்தான் சொன்னாய். அவளும் அதன்பிறகு வாசலைத் தாண்டவில்லை. தேநீர் கொண்டுவந்தால் நிலைப்படியில் வைத்துவிட்டுப் போவாள். உன் வேலையில் எதையும் நீ அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. வாங்க வருகிறவர்கள் வந்தால், "நீ உள்ள இரு, நான் பேசிக்கிறேன்" என்பாய். அவளுடைய தோட்டத்துப் பேச்சு அவர்களுக்குச் சரியாக இருக்காது என்று உனக்கு ஓர் எண்ணம். அது என் பேச்சும்தான்.

பிறகு அந்தப் பெரிய ஓடர் வந்தது. வத்தேகமப் பக்கத்து முதலாளி ஒருவர் தன் கூடாரம் முழுவதற்கும் கன்று கேட்டார். இது சரிவந்தால் மற்றவர்களும் வருவார்கள் என்று நீ தலைகால் புரியாமல் நின்றாய். அறை முழுக்கத் தட்டு அடுக்கி விதைத்தாய், கறுப்புப் பொலித்தீனால் மூடினாய். மறுநாளே ஏதோ பயிற்சி என்று கொழும்புக்குக் கிளம்பினாய். அன்று பகலே நானும் கெலிஓயாவில் உன் சித்திக்கு ஒப்பரேஷன் என்று போய்விட்டேன். காலையில் கிளம்பும்போது நீ ரேணுகாவிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். "மூடி வச்சத எடுத்திராத. இருட்டா இருந்தாத்தான் முளைக்கும். லைட்டையும் போட வேணாம். லேசா ஈரம் காயாமப் பாத்துக்க, அவ்வளவுதான்." முளைத்த அன்றே மூடியை எடுத்து வெளிச்சம் காட்ட வேண்டும் என்பதை நீ சொல்லவில்லை. ஒரு கிழமையில் வந்துவிடுவேன், வந்து நானே எடுப்பேன் என்று நினைத்திருப்பாய். வந்தது மூன்றாம் கிழமையில்.

இருட்டறையில் விதை, ஈரம் காயக்கூடாது, மூடியைத் திறக்கக்கூடாது. இந்த மூன்றையும் சொல்லித் தோட்டத்தில் வளர்ந்த எந்தப் பெண்ணிடம் வேண்டுமானாலும் கொடுத்துப் பார். அவள் என்ன செய்வாள் என்று நான் சொல்கிறேன். அவள் முளைப்பாரி வளர்ப்பாள். வேறு என்ன செய்யத் தெரியும் அவளுக்கு, நீ சொல்லிக் கொடுத்தாயா? அம்மனுக்கு நாங்கள் பாசிப்பயறும் தட்டைப்பயறும் போட்டு முளைப்பாரி வளர்ப்பதே அப்படித்தான். ஒரு காம்பராவை ஒதுக்கி, சன்னலை அடைத்து, ஒரு பொட்டு வெளிச்சம் விடாமல், நாள் தவறாமல் தண்ணீர் தெளித்து வளர்ப்போம். வெளிச்சம் படாததால் முளை வெளிறி, மஞ்சளாய், நெடுநெடுவென்று எழும்பும். எவ்வளவு மஞ்சளோ, எவ்வளவு உயரமோ, அவ்வளவுக்கு அம்மன் மனம் குளிர்ந்திருக்கிறாள் என்று அர்த்தம். பச்சை தட்டினால் வெளிச்சம் பட்டுவிட்டது என்று வளர்த்தவளுக்குத்தான் பேச்சு விழும். திருவிழா முடிந்ததும் அதை ஆற்றில் கரைத்துவிடுவோம். அது காய்க்க வேண்டிய பயிர் இல்லை, அதனால் தண்டைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. அவர்களுடைய லயத்து வரிசை வீடுகளில் சின்ன வயதிலிருந்து அவள் வளர்த்த பாரிதான் எப்போதும் உயரம். நான் அவளை உனக்குப் பார்த்ததே அந்தப் பாரியைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் நடந்து வந்த அன்றுதான்.

அவள் உன் மிளகாய்க்கு விரதம் இருந்தாளடா. அது உனக்குத் தெரியாது, கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். மீன் கறி தொடவில்லை, வெறுந்தரையில் பாய் போட்டுப் படுத்தாள். விடிந்ததும் தலைக்குக் குளித்து, ஈரத்தலையோடு உள்ளே போய், பொலித்தீனுக்கு அடியில் கையை விட்டு மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். நிலைப்படியில் கோலம், கதவில் வேப்பிலை. இடையில் ஒருநாள் உனக்கு போன் எடுத்து, "என்னங்க, முளை வந்திருச்சுங்க" என்றிருக்கிறாள். நீ வகுப்பில் இருந்தாயாம். "சரி சரி, தொடாத, நான் வந்து பாக்கிறேன்" என்று வைத்துவிட்டாய். அந்த ஒரு நிமிடத்தில் "மூடிய எடுத்துட்டு லைட்டப் போடு" என்று சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. அவள் எனக்கும் போன் எடுத்தாள். "அத்தை, நல்லா ஒசரமா வந்திருக்கு" என்றாள், குரலில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கும் உன் மிளகாயைப் பற்றி என்ன தெரியும்? அம்மன் கண் திறந்துவிட்டாள் என்றுதான் நானும் சொன்னேன்.

நீ வந்த காலையில் அந்த முதலாளியையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தாய். கெலிஓயாவிலிருந்து நானும் அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி, உங்கள் வேனுக்குப் பின்னாலேயே வீட்டுக்குள் வந்தேன். நீங்கள் மேலே போய்விட்டீர்கள், நான் பையைத் தூக்கிக்கொண்டு பாதிப் படியில் இருந்தேன். ரேணுகா கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது. "பாருங்களேன், எப்படி வந்திருக்குன்னு!" என்றாள். பொலித்தீனை அவள்தான் இழுத்துவிட்டாள். நானும் நல்ல செய்தி என்று நினைத்து இன்னும் ஒரு படி ஏறினேன். அங்கிருந்து பார்த்தால் கதவு வழியாகத் தட்டுகள் தெரிந்தன. ஒரு தட்டு மிச்சமில்லாமல் எல்லாம் மஞ்சள், நூல் நூலாக ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. தன் தண்டில் தானே நிற்க முடியாத கன்றுகள். அந்த முதலாளி ஒரு கன்றை விரலால் நிமிர்த்திப் பார்த்தார், அது திரும்பவும் விழுந்தது.

உனக்குக் கோபம் வந்தது சரி. வேலையை விட்டவன், வாக்குக் கொடுத்தவன், வாங்க வந்தவர் எதிரில் நிற்கிறார். நீ கத்தியிருக்கலாம், தட்டைத் தூக்கி எறிந்திருக்கலாம், நான் ஒன்றும் நினைத்திருக்க மாட்டேன். நீ கத்தவில்லை. அந்த மனிதரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் படியிலிருந்தே கேட்டது. "என்ன செய்யிறது முதலாளி, தோட்டக்காட்டுல இருந்து கூட்டிட்டு வந்தா புத்தியும் அப்படித்தானே இருக்கும்" என்றாய். உங்களில் ஒருவன்தான் நானும், இவள்தான் வேறு என்று அவருக்குக் காட்ட வேண்டியிருந்தது உனக்கு. அவர் சிரிக்கவில்லை, அதையாவது கவனித்தாயா? "பரவாயில்ல தம்பி, நான் வேற இடத்துல பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டி இறங்கிப் போனார். நான் பையோடு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ரேணுகா கதவிலிருந்த வேப்பிலையை அவிழ்த்தாள், கோலத்தை ஈரத்துணியால் துடைத்தாள். அவளுடைய சின்னப் பையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, "போயிட்டு வர்றேன் அத்தை" என்றாள். நான் பாலத்தடி பஸ் நிறுத்தம்வரை கூடவே நடந்தேன். அவள் விரதம் இருந்த கதையை அங்கேதான் சொன்னாள், அதுவும் நான் துருவித் துருவிக் கேட்டதால். "அவர் சொன்னதத்தான் அத்தை செஞ்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் கையைப் பிடித்துத் திரும்பக் கூட்டிவர எனக்குத் தைரியம் வந்திருக்கும்.

அந்தச் சொல் என்ன செய்யும் என்று தெரியாமல் சொன்னவன் என்றால் உன்னை மன்னித்திருப்பேன். நீ ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். கேட்டால் சொல்லவில்லை. கடைசியில் வகுப்பில் ஒரு பையன் உன்னைத் தோட்டக்காட்டான் என்று சொல்லி மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள் என்று என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சொன்னாய். அப்போதே உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்தப் பையனின் வீட்டுக்குப் போனேன். அவனுடைய அம்மா கதிரை போட்டாள், நான் உட்காரவில்லை. பிளேன்டி கொண்டுவந்தாள், குடிக்கவில்லை. "ஒங்க புள்ள சொன்ன சொல்லு எங்க இருந்து வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க, நான் போறேன்" என்றேன். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டாள், அவளுடைய புருஷன் வெளியே எழுந்து போய்விட்டான். பையன் வந்து உன்னிடம் மன்னிப்புக் கேட்டபிறகுதான் நான் அந்த வாசலை விட்டு இறங்கினேன். திரும்பி வரும்போது நீ என் சேலையைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாய், வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாய். அந்த வலி உனக்குத் தெரிந்திருந்தும் அதே சொல்லை எடுத்து உன் பெண்சாதிமேல் எறிந்தாய். எப்படி மனம் வந்தது என்று நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ரேணுகாவின் அப்பா வந்தாரே, அதைப் பற்றியும் எழுதவேண்டும். வெள்ளைச் சட்டை போட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். கேட்டுக்கு உள்ளே வந்தவர் வீட்டுக்குள் வரவில்லை. "உக்காருங்க சம்மந்தி" என்றால், "இருக்கட்டுங்க" என்று நின்றுகொண்டே பேசினார். "புள்ள வாயத் தொறக்க மாட்டேங்குது. என்ன நடந்துச்சுன்னு நீங்களாச்சும் சொல்லுங்க. எம் பொண்ணு மேல தப்புன்னா நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்" என்றார். நான் என்ன சொல்வேன்? உங்கள் மருமகன் உங்கள் மகளை இப்படிச் சொன்னான் என்று அந்தச் சொல்லை அவர் முகத்துக்கு நேரே எடுத்துச் சொல்ல முடியுமா? அது அவளை மட்டும் சொன்ன சொல்லா? அவரையும் அவர் வீட்டுக்காரியையும் அந்த லயத்தில் இருக்கிற அத்தனை பேரையும் சொன்ன சொல். "சின்னஞ்சிறுசுக சண்டை, சரியாயிரும்" என்று மழுப்பினேன். அவர் மேலே சன்னலைப் பார்த்தார். நீ அங்கே நிற்பது எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. அப்போதுதான் நீ மின்விசிறியைப் போட்டாய். அவர் வாழைப்பழத்தைத் திண்டில் வைத்துவிட்டு, "வர்றேங்க" என்று போய்விட்டார். அந்தப் பழம் கறுத்துப்போய் நேற்றுத்தான் குப்பைக்குப் போனது, நீயும் தொடவில்லை, நானும் தொடவில்லை.

இன்று காலை நீ சந்தைக்குப் போயிருந்தபோது உன் அறைக்குள் போனேன். பயப்படாதே, கையைக் கழுவிக்கொண்டுதான் போனேன். நீ திரும்ப விதைத்த கன்றுகள் நன்றாக இருக்கின்றன. தண்டு குட்டையாய், தடிப்பாய், இலை கரும்பச்சையாய், ஒன்று சாயவில்லை. உள்ளங்கையால் லேசாகத் தடவிப் பார்த்தேன், வளைந்து உடனே நிமிர்ந்தன. அவற்றைப் பால்கனிக்குப் பழக்குகிறாய் என்று தெரிகிறது. முதலில் கொஞ்ச நேரம் நிழலில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயிலில். ஒரேயடியாக வெளியே வைத்தால் கருகிவிடும் என்று நீ எனக்கே பாடம் எடுத்தாய். திருஷ்டி சுற்றிப் போட வேண்டிய கைராசிக்காரன் நீ, ஒத்துக்கொள்கிறேன். ஒரு கன்றை வீட்டுக்குள்ளிருந்து பால்கனிக்குக் கொண்டுபோக இவ்வளவு பொறுமை இருக்கிறவன், லயத்திலிருந்து இந்த மாடிக்கு வந்தவளுக்கு ஒரு நாளாவது அந்தப் பொறுமையைக் காட்டினாயா? இதை வாசிக்கும்போது உனக்குக் கோபம் வரும். வரட்டும். உன் கன்று செழித்திருப்பதைப் பார்த்து எனக்கு இன்று சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

உன் மனதில் ஓடுவது எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு மாதம் போய்விட்டது, இப்போது போய் நின்றால் கேவலம் என்று நினைக்கிறாய். அவளாக வரட்டும், வந்தால் ஒன்றும் கேட்காமல் இருந்துவிடலாம் என்று நினைக்கிறாய். போன கிழமை என்னிடம் வாய்விட்டே சொன்னாய், "நான் என்னம்மா பெருசா சொல்லிட்டேன், கோவத்துல வந்தது" என்று. கோபத்தில் வந்தது என்றால் கோபமில்லாத இந்த ஒரு மாதத்தில் என்ன வந்தது? ஒரு போன் வரவில்லை. அவள் தினமும் காலையில் எனக்கு போன் எடுக்கிறாள், உனக்குத் தெரியுமோ என்னவோ. உன்னைப் பற்றிக் கேட்கமாட்டாள். "அத்தை, புதுக்கன்னு எப்படி இருக்கு?" என்றுதான் கேட்பாள். நான் நல்லா இருக்கு என்பேன், அவள் "சரிங்க அத்தை" என்பாள்.

நேற்றுக் காலை நான் பொறுக்கமாட்டாமல் நேராகவே கேட்டுவிட்டேன். "அவன் வந்து கூப்பிட்டா வருவியாம்மா?" அவளுக்குப் பின்னால் யாரோ தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "வருவேன் அத்தை. ஆனா ஒண்ணு மட்டும் அவர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்றாள். "அன்னைக்கு அவர் அப்படிச் சொன்னப்ப, அவரப் பெத்த நீங்களும் தோட்டத்துல பொறந்தவங்கதாங்கிறது அவருக்கு ஞாபகம் இருந்துச்சா? மறந்து சொன்னாரா, தெரிஞ்சேதான் சொன்னாரா? என்னைய மட்டும் சொல்லியிருந்தா புருஷன் பொண்டாட்டி சண்டைன்னு விட்ருவேன். ஒங்களையும் சேத்துத்தான்னா, நாளைக்கு எனக்கு ஒரு புள்ள பொறந்தா அதையும் அவர் அப்படித்தானே அத்தை பாப்பாரு?"

என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. உன்னைப் பெற்று, பால் கொடுத்து, உனக்காக ஒருத்தி வீட்டு வாசலில் நின்று சண்டை பிடித்தவள் நான். உன்னைப் பற்றி யார் எது கேட்டாலும் எனக்குப் பதில் தெரியும் என்று நேற்றுவரை நினைத்திருந்தேன். இந்த ஒரு கேள்விக்குத் தெரியவில்லை.

அதனால் நான் போகிறேன். நாளைக் காலை பத்து மணி பஸ்ஸில் வத்தேகமவுக்குப் போய், அங்கிருந்து தோட்டத்துக்கு ஓட்டோ பிடித்துக்கொள்வேன். திருவிழாவுக்கு முளைப்பாரி போட்டுவிட்டார்களாம், ரேணுகாதான் பார்த்துக்கொள்கிறாள், நானும் அவளோடு விரதம் இருக்கப்போகிறேன். நீ வந்தால் அந்தக் காம்பராவுக்குள் உன்னை விடமாட்டார்கள், ஆம்பளை உள்ளே போகக்கூடாது. வெளியே நிற்கவேண்டும், லயத்து ஆட்கள் எல்லோரும் பார்ப்பார்கள், நிற்கத்தான் வேண்டும். அவள் அப்பாவிடம் என்ன சொல்வது என்று என்னைக் கேட்காதே, அது நீயே தேட வேண்டிய வார்த்தை. ரேணுகா வெளியே வருவாள், அவளைப் பார்த்து அவள் கேட்டதற்குப் பதில் சொல். நான் பக்கத்திலேயே இருப்பேன், என்னையும் பார்த்துச் சொல். பொய் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

நீ வராவிட்டால் அவள் கொழும்புக்குப் போவாள். நான் எங்கே போவேன் என்று இன்னும் யோசிக்கவில்லை. ஆனால் என்னையும் அந்தச் சொல்லால் பார்க்கிற ஒருவனுக்குச் சோறு வடித்துக்கொண்டு இந்த வீட்டில் இருக்கமாட்டேன், அவன் நான் பெற்ற பிள்ளையாக இருந்தாலும்.